வாகை அடிமரம்

மரத்துக்குள்ளே ஆணி, கம்பி எதுவும் உண்டுமா என்று சம்பந்தி கேட்டதும் என் வீட்டுக்காரர் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார், நான் தலையை ஆட்டிவிட்டேன். இல்லை என்று. வாயைத் திறந்து சொல்லியிருந்தால் பொய் சொன்ன கணக்கில் வரும், தலையை ஆட்டினால் ஈ ஓட்டினேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்; எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை. "அது எங்க மாமனார் வீட்டுக் கொல்லையில நின்ன வாகை மச்சான், அதுல ஒரு மாட்டக் கட்டுனது கெடையாது" என்று அவர் என் தலையாட்டலுக்கு மேல் நாலு முழம் சேர்த்துச் சொன்னார். சம்பந்தி கோமதிநாயகம் அவரை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். "உங்க பொறந்த வீட்டு மரம், அதனால உங்ககிட்ட கேக்கேன் தங்கச்சி. இந்த மில்லுல இது ஒரு வழக்கம். மரத்துக்கு உரியவுக வாயால இல்லன்னு சொன்னாத்தான் மோட்டாரப் போடுவேன். முன்னால ஒருக்கா கேக்காம ஒரு வேம்ப ஏத்திட்டோம். உள்ள லாட ஆணி. பிளேடு அந்து வந்து அடிச்சதுல என் தம்பிக்கு ஒரு கண்ணு போச்சு. அந்தா, அந்த எடத்துலதான் நின்னான்." அவர் கை நீட்டிய இடத்தில் நயினார் நின்றுகொண்டிருந்தான், அவர் மகன், தை மாதம் என் மகள் செண்பகாவுக்குத் தாலி கட்டப்போகிறவன். மறுபடியும் தலையைத்தான் ஆட்டினேன். சம்பந்தி சிரித்துவிட்டார். "தங்கச்சி வாய் தொறக்க மாட்டாக. அவுக தல ஆட்டுனா பத்து வார்த்தைக்குச் சமம்" என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டார். வழக்கத்தை எனக்காக மாற்றிக்கொண்டார், பாவி மனுஷன், மரியாதைக்காக மாற்றிக்கொண்டார்.

பயப்பட ஒன்றுமில்லை. மரம் வளர வளர ஆணியும் அதோடு மேலே ஏறியிருக்கும். அவர்கள் அடிக்கும்போது மரம் எங்கள் வீட்டு ஓட்டு உயரம்தான் இருந்தது, இப்போது சாய்க்கும்போது தென்னைக்கு மேலே நின்றது. அன்றைக்கு என் உச்சந்தலைக்கு மேலாக இருந்த ஆணி இன்றைக்கு எங்கேயோ கிளைப் பக்கம் போயிருக்கும், கிளையெல்லாம் விறகுக்குப் போயாயிற்று, ஏதாவது ஒரு டீக்கடை அடுப்புச் சாம்பலில் கிடக்கும். மரம் வெட்ட ஆள் வந்த அன்றிலிருந்து இந்தக் கணக்கைத்தான் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் வருகிறது, சரியாக வருகிற கணக்கை ஏன் மறுபடி மறுபடி போடுகிறேன் என்பதுதான் தெரியவில்லை. எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கிற ஒருத்தர் அடிமரத்தை மட்டும் தனியாகக் கேட்டார், செக்குக்கு வாகை மாதிரி வராது, உரசினாலும் சூடு ஏறாது என்று. கொடுத்துவிடலாமே என்று நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், என் வழக்கப்படி அடுப்பைப் பார்த்துக்கொண்டு, எனக்கே கேட்காத குரலில். "அடிமரத்துலதான் ரேகை விழும், அதப் போயி குடுக்கச் சொல்லுத, கூறுகெட்டவளே" என்றார். மகளுக்குக் கட்டிலும் பீரோவும் நம் மரத்தில்தான் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று, மாப்பிள்ளை வீடே மர மில், அவர்களே அறுத்துத் தருகிறோம் என்கிறார்கள், இதைவிட என்ன வேண்டும். ஒரு சாண்கூட வீணாகக் கூடாது என்று வேர்ப்பக்கத்தைத் தோண்டித் தரையோடு தரையாக அறுக்கவைத்தார். அந்த அடிமரம்தான் இப்போது டிராலியில் படுத்திருக்கிறது, பிளேடைப் பார்க்க வேர்ப்பக்கத்தை நீட்டிக்கொண்டு. எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார்கள். சம்பந்தியம்மாள் என்கிற மரியாதை. எழுந்து வெளியே போய்விடலாம், தலைவலி என்று சொல்லலாம், ஆனால் நான் வெளியே போனால் மட்டும் மரத்துக்குள் இருப்பது இல்லாமல் போகுமா.

முதல் வெட்டு பட்டையோடு சேர்ந்த புறத்தகடு. பிளேடு மரத்தைத் தொட்டபோது வந்த சத்தத்தில் என் பல் கூசியது. சம்பந்தி டிராலியைத் தள்ளுகிறார், அந்தப் பக்கம் நயினார் பலகையைத் தாங்கி வாங்குகிறான், கண்ணுக்கு ஒன்றும் போடவில்லை, இந்தக் காலத்துப் பையன் ஒரு கண்ணாடி மாட்டிக்கொண்டால் என்ன, சித்தப்பாவைத் தினம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான். இந்த வேலைக்கு ஆள் இருக்கிறது, இன்றைக்கு மட்டும் ஆளை நகரச் சொல்லிவிட்டுத் தானே நிற்கிறான், தன் கல்யாணக் கட்டில் என்று நினைக்கிறான்போல, வெட்கம் கெட்டவன், நல்லவன். போன தடவை வீட்டுக்கு வந்தபோது சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவினான், செண்பகா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அந்தப் பார்வைக்காக நான் எதையும் மறைப்பேன். தூள் பறந்தது. வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, என் வீட்டுக்காரர் துண்டைப் பொத்திக்கொண்டு தும்மித் தள்ளினார், சம்பந்தி தும்மினார், நான் மட்டும் முந்தானைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். தும்மக்கூட நான் சத்தம் போடுகிறதில்லை. புறத்தகடு விழுந்தது, அடுத்த வெட்டில் முதல் பலகை வந்தது. ஓரமெல்லாம் வெளுப்பு, நடுவில் வைரம் பாய்ந்த பழுப்பு, அதற்குள் கறுப்பும் பொன்னுமாக வரிகள். சம்பந்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன்மேல் ஊற்றினார். ஊற்றியதும் வரியெல்லாம் எழுந்து வந்தது, இந்தப் பக்கம் நின்று பார்த்தால் வெளிச்சமாய் இருக்கிற இடம் ரெண்டு எட்டு நடந்தால் இருட்டாகிவிடுகிறது, இருட்டாய் இருந்த இடம் மின்னுகிறது. "பாத்தியளா மச்சான், ஈட்டி மரம்லாம் இதுகிட்ட வந்து கையக் கட்டணும். இதுக்குப் பெயின்ட் அடிச்சான்னா அவன் கைய ஒடிக்கணும், வெறும் பாலீஷ்தான்." இவருக்குப் பெருமை தாங்கவில்லை, மரத்தை இவரே பெற்று வளர்த்ததுபோல நின்றார். நானும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. என் அப்பா வீட்டுக் கொல்லையில் காய்ந்த நெற்றைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டு நின்ற மரத்துக்குள்ளே இவ்வளவு இருந்ததா என்று ஒரு நிமிஷம் பயம்கூட மறந்துபோயிற்று.

உள்ளே என்ன இருக்கிறது என்று அறுத்தால்தான் தெரியும். என்னை யாரும் அறுத்துப் பார்க்கவில்லை, ஆணி அடித்தார்கள். எனக்குத் தாய்மாமனைப் பேசியிருந்தார்கள், அம்மாவைவிட ரெண்டு வயதுதான் இளையவர், மூத்த தாரம் செத்து வருஷம் திரும்பவில்லை. வேண்டாம் என்று நான் மெதுவாகச் சொன்னேன். சோறு பரிமாறும்போது சொன்னேன், தண்ணீர் எடுக்கும்போது சொன்னேன், யார் காதிலும் விழவில்லை. பரிசம் போட வந்த அன்று கொல்லை வாசலில் நின்று கத்தினேன். அவ்வளவுதான் நான் செய்தது, கத்தினேன். முதலில் வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேன், அப்புறம் வார்த்தை போய்விட்டது, வெறும் சத்தம், தொண்டை கிழிகிற மட்டும். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அப்போது எனக்கு ரொம்ப சுகமாக இருந்தது. இப்படிக் கத்துகிறவள் நம் ஆவுடைத்தங்கம் இல்லை, வேறு யாரோ உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தார்கள். பேயோட்டுகிற கோடாங்கி வந்தான். வாகையில் முதுகைச் சாய்த்து நிற்கவைத்து, உச்சிமுடியை ஒரு கொத்தாகத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, மரத்தோடு வைத்து ஒரு விரல் நீளத்துக்கு இரும்பாணியை இறக்கினான், சுத்தியல் சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்டது, பிறகு தலைக்கும் மரத்துக்கும் நடுவே கத்தியை விட்டு முடியை அறுத்து என்னைப் பிரித்தார்கள். பேய் மரத்தோடு நின்றுவிட்டது என்றார்கள். பேய் பிடித்தவள் வேண்டாம் என்று மாமன் எழுந்து போனார், அந்த வகையில் பேய்க்கு நான் கடன்பட்டவள்தான். தூரத்து ஊர் பார்த்து, விஷயத்தை மூடி, என்னை இவருக்குக் கட்டிவைத்தார்கள். இவருக்கு இன்றுவரை தெரியாது. கத்தி பட்ட உச்சியில் நான் ஏன் வகிடு எடுப்பதில்லை என்று கேட்டதுமில்லை. அதற்கப்புறம் நான் சத்தம் போட்டதில்லை, பிரசவத்தில்கூட, ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயந்துபோய்க் கன்னத்தைத் தட்டிப் பார்த்தாள். என் வீட்டுக்காரி சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டதில்லை என்று இவர் போகிற இடமெல்லாம் சொல்லுவார். பெண் பார்க்க வந்த அன்று சம்பந்தியும் அதைத்தான் சொன்னார், தாய் இப்படி அமர்ந்த குணம் என்றால் மகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம் என்று. என் வாய் அடைத்துக்கிடந்ததுதான் செண்பகாவுக்கு நான் கொடுத்த சீர். அதை இப்போது நானே திறந்து, பேய் பிடித்தவள் பெற்ற பிள்ளை என்று அவள் தலையில் எழுதிவைக்கவா? முடியாது. மரம் வளர்ந்தது, ஆணி மேலே போயிற்று, விறகுக்குப் போயிற்று.

டிராலி பின்னால் வந்தது. அறுத்த பக்கம் கீழே வரும்படி மரத்தைப் புரட்டினார்கள், கடப்பாரை போட்டு, ஆளும்பேருமாக, ஏலேலோ இல்லாமல் வெறும் முக்கலோடு. புரட்டியதும் ஒரு தழும்பு மேலே வந்தது. எனக்குத் தெரிந்த தழும்பு. அப்பாவின் வண்டி அச்சு இடித்துப் பட்டை பெயர்ந்த இடம், அதில் பிசின் வடியும், அதில் முட்டியை வைத்துத்தான் நான் மரத்தில் ஏறுவேன், சின்னப் பிள்ளையில் மட்டும் இல்லை, பாவாடை தாவணி போட்ட பிறகும் ஏறியிருக்கிறேன், அடியும் வாங்கியிருக்கிறேன். முட்டி உயரம். வேரிலிருந்து என் முட்டி உயரம். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தேன், வெட்டுவாயிலிருந்து தழும்பு எவ்வளவு தூரம் என்று. புடவைக்குள் என் முட்டியைத் தொட்டுப் பார்த்தேன், பாதத்தைப் பார்த்தேன், மறுபடி தழும்பைப் பார்த்தேன். அதே முட்டி உயரம்தான். தழும்பு ஏறவில்லை. மரம் தென்னைக்கு மேலே போயிருக்கிறது, தழும்பு போட்ட இடத்திலேயே கிடக்கிறது. மரம் உச்சியில்தான் வளர்ந்திருக்கிறது, அடியில் பருத்திருக்கிறது, அவ்வளவுதான், அப்படியென்றால், இல்லை, தழும்பு வேறு ஆணி வேறு, ஆணி இரும்பு, அது நகர்ந்திருக்கலாம், எப்படி நகரும், காலா இருக்கிறது. கொல்லையில் நின்ற வரைக்கும் நான் கண்ணால் பார்த்த மரம், தழும்பு அங்கேயேதான் இருந்தது, ஒரு தடவைகூட எனக்கு உறைக்கவில்லை. எனக்கு வேண்டிய கணக்கைப் போட்டுக்கொண்டேன். ஆணி இதற்குள்ளேதான் இருக்கிறது. பட்டை மூடி, சதை மூடி, என் உச்சந்தலைக்குச் சற்று மேலே. கிழக்குப் பக்கம் பார்க்க நிற்கவைத்தார்கள், சூரியன் கண்ணில் குத்தியது, படுத்துக்கிடக்கிற மரத்தில் கிழக்கு எது? பிளேடு அதற்குப் பக்கத்தில் போகலாம், தள்ளிப் போகலாம், சாமி, தள்ளிப் போக வேண்டும். கொடை கொடுக்கிறேன், மொட்டை போடுகிறேன், இந்த மரத்தைப் போலவே என்னையும் மொட்டையாக நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த பலகை விழுந்தது. இன்னொன்று விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. விழுந்த பலகையை என் நாற்காலிக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தார்கள், மற்றவர்கள் மரத்தண்டை போய்விட்டார்கள், நான் சும்மா இருக்கமாட்டாமல் முந்தானையால் அதன் தூளைத் துடைத்தேன். மேலே துடைத்தபோது துணிக்கடியில் கறுப்பு வந்தது. மற்ற வரிகள் மாதிரி இல்லை, மற்றவை பழுப்பிலிருந்து கறுப்புக்குப் போகிறவை, இது நீலம் கலந்த கறுப்பு, மை கொட்டினாற்போல நீளமாக இழுத்துக்கொண்டு. வடிவாகத்தான் இருந்தது, பீரோக் கதவில் வைத்தால் பார்க்கிறவர்கள் எல்லாம் இதைத்தான் கேட்பார்கள். ஆனால் எனக்கு அது என்னவென்று தெரியும். வாழைக்காயை அரிவாள்மனையில் நறுக்கினால் மனையில் ஏறுகிற அதே கறுப்பு, தினம் என் விரலில் ஏறுகிற கறுப்பு, இரும்பு தின்ற கறுப்பு. வரி கீழே மங்கலாக இருந்து போகப்போக அடர்த்தியாகிறது, அடர்த்தியான இடத்தைத் தொட்டேன், விரல் சில்லென்றது. இரும்பு இந்தப் பலகையில் இல்லை. இதை ஒட்டினாற்போல, அடுத்ததில். நிமிர்ந்தேன். டிராலி நகரத் தொடங்கியிருந்தது. வேர்ப்பக்கம் பிளேடுக்குள் போய்விட்டது. நயினார் கையை நீட்டிப் பலகையின் முனையை வாங்கிக்கொண்டிருந்தான், முகத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, எப்படி அறுபடுகிறது என்று பார்த்துக்கொண்டு. சொல்லு. இப்போது சொல்லு. அண்ணாச்சி என்றேன், மோட்டார் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் தோளைத் தொட எழுந்தேன், அவர் தும்மிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். தழும்பு பிளேடைத் தாண்டிப் போயிற்று. முட்டி தாண்டிவிட்டது, தொடை, இடுப்பு, சொன்னால் செண்பகா, சொல்லாவிட்டால் அவன் கண், செண்பகா, கண், அவள் பார்த்த பார்வை, அவன் பார்க்கிற பார்வை, வயிறு, நெஞ்சு, என்னைத்தான் அறுத்துக்கொண்டு போகிறார்கள், கழுத்துக்கு வந்துவிட்டது.

கத்தினேன். நிறுத்துங்கள் என்றுதான் கத்த நினைத்தேன், வந்தது வெறும் சத்தம், அன்றைக்கு வந்த அதே சத்தம், இத்தனை வருஷம் கழித்து ஒரு பிசிறு குறையாமல், மோட்டாருக்கு மேலே, கூரைத் தகரத்தில் போய் மோதித் திரும்பி வந்தது. சம்பந்தியின் கை தானாகவே சுவிட்சுக்குப் போயிற்று. நயினார் பலகையை விட்டுவிட்டுப் பின்னால் தாவினான். டிராலி போன வேகத்தில் இன்னும் ஒரு முழம் நகர்ந்தது, பிளேடும் உடனே நிற்கவில்லை, ஊளையிட்டுக்கொண்டே மெலிந்து மெலிந்து நின்றது, அது நின்ற பிறகும் நான் கத்திக்கொண்டிருந்தேன். பிறகு நானும் நிறுத்தினேன். "ஏட்டி, என்னடி, என்ன கடிச்சுது, பாம்பா?" என்று இவர் ஓடிவந்தார். "ஆணி இருக்கு" என்றேன். தொண்டை கரகரத்தது. "உள்ள இருக்கு. என் முடியோட சேத்து அடிச்ச ஆணி." முடியும் ஆணியும் என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இவர் முகம் வெளுத்துவிட்டது. வேலையாட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். சம்பந்தி நெற்றியில் தூக்கிவிட்டிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார், முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி. "எப்ப?" என்றார். "கல்யாணத்துக்கு முந்தி, அண்ணாச்சி. பேய் பிடிச்சிருக்குன்னு அடிச்சாக. பேய்லாம் ஒண்ணும் கெடையாது. நான்தான் கத்துனேன். எனக்குப் பிடிக்கல, அதனால கத்துனேன்." சொல்லிவிட்டேன், போயிற்று, எல்லாம் போயிற்று, செண்பகா என்னை மன்னிக்கமாட்டாள். சம்பந்தி, "எங்கன இருக்குன்னு தெரியுமா?" என்றார், குரலில் கோபமா என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை.

எங்கே என்று வாயால் எப்படிச் சொல்ல. டிராலியண்டை போனேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மரத்துக்குப் பக்கத்தில் தரையில் தூளுக்குள்ளே மல்லாக்கப் படுத்தேன், வேரிருந்த வெட்டுவாய்க்கு நேராகக் குதிகாலை வைத்து, தழும்புக்கு நேராக முட்டியை வைத்து. "எந்திரிட்டீ, சம்பந்தி முன்னாலயா, எந்திரி" என்று இவர் என் கையைப் பிடித்தார், எனக்கு அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது. "விடுங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. விட்டுவிட்டார். தூள் முதுகெல்லாம் அரித்தது, மூக்கில் ஏறியது, தும்மினேன், நன்றாகச் சத்தமாகத் தும்மினேன். உச்சந்தலைக்கு மேல் ஒரு சாண் தள்ளி, கையை நிமிர்த்தி உயர்த்தி மரத்தைத் தொட்டேன். "இங்கன." பிளேடு அதற்கு அரைச்சாண் இந்தப் பக்கம் நின்றிருந்தது. சம்பந்தி குனிந்து என் விரலையும் பிளேடையும் பார்த்தார், பிறகு நிமிர்ந்து தன் மகன் நின்ற இடத்தைப் பார்த்தார், பார்த்தபடியே பக்கத்தில் கிடந்த கட்டையில் உட்கார்ந்துவிட்டார். நயினார் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, கூரைத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காதிடுக்கில் இருந்த சாக்பீஸை எடுத்து என் விரல் நுனியைச் சுற்றி மரத்தில் ஒரு வட்டம் போட்டான், விரலில் படாமல். பிறகு உளியையும் சுத்தியலையும் எடுத்துவந்து என் தலைமாட்டில் முழங்காலிட்டான்.

"அத்தை, கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கிடுங்க, சில்லு தெறிக்கும்" என்றான்.

தள்ளிப் படுத்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை. அவன் உளியை வைத்துத் தட்டினான். மரம். மரம். மரம். அப்புறம் இரும்பு.